மெழுகுவர்த்தியும் ஒரு குழலும்

அப்பாவுக்கு மூன்று வருடமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்து கேட்டபோதும் "சூடுதான்டா, வேற ஒண்ணுமில்ல" என்றார். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு லேகியம், பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று விளம்பரம் எழுதியிருந்த ஒரு வைத்தியர். அவர் பார்க்கவும் இல்லை, அப்பா காட்டவும் இல்லை. கடைசியில் கேமரா வைத்த குழாயை உள்ளே செலுத்திய டாக்டர், என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். மூலம் இருந்தது, உண்மைதான். அதற்கு ஒரு சாண் மேலே, காம்போடு தொங்கும் சின்னக் காளான் மாதிரி ஒரு சதை. பாலிப். விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடியது.

இந்த இடத்தை முதலில் எட்டிப் பார்த்தவர்கள் யார் என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

சுசுருத சம்ஹிதையில் மூலத்துக்கென்றே ஒரு கருவி வருகிறது. பசுவின் காம்பு வடிவம், நான்கு விரற்கிடை நீளம். உலோகம், தந்தம், கொம்பு, மரம் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். பார்ப்பதற்கு இரண்டு துளை உள்ளது, சிகிச்சைக்கு ஒரு துளை உள்ளது எனத் தனித்தனியாகவே சொல்கிறது. குழல் அப்போதே இருந்தது. இல்லாதது வெளிச்சம். நான்கு விரலுக்கு மேலே இருட்டுதான்.

அந்த இருட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோக நினைத்தவர் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் பிலிப் போட்சினி. 1806-இல் அவர் அறிமுகப்படுத்திய கருவி பார்க்கப் பூச்சாடி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, அதன் பின்னால் ஒரு கண்ணாடி. வெளிச்சம் முன்பக்கக் குழல் வழியாக உடம்புக்குள் போகும். எதிர்ப்பக்கத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கணும். வியன்னாவில் ராணுவ மருத்துவக் கழகத்தினர் சோதித்துப் பார்த்து ஆர்வம் காட்டினார்கள். பல்கலைக்கழக மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். (இரண்டு தரப்புக்கும் ஏற்கெனவே ஆகாது. கருவி நடுவில் மாட்டிக்கொண்டது.) 1809-இல் போட்சினி டைபஸ் காய்ச்சலில் இறந்தபோது வயது 35.

எனக்குப் பிடித்தவர் பால்டிமோரின் ஹோவர்ட் கெல்லி. பெண்கள் நோய் மருத்துவர். 1895-இல் அவர் எழுதிய முறையில் பெரிய யந்திரம் எதுவும் கிடையாது. நோயாளியை முழங்காலும் மார்பும் மேசையில் படும்படி குனிய வைத்தார். வயிற்றுக்குள் இருப்பவை முன்னால் சரிய, குழலைத் திறந்ததும் காற்று தானாக உள்ளே புகுந்து குடலை விரித்தது. நெற்றிக் கண்ணாடியால் விளக்கொளியை உள்ளே திருப்பினார். வெவ்வேறு நீளக் குழல்கள் வைத்திருந்தார். நம்மாட்களிடம் இப்படிக் குனியச் சொன்னால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

ஆனால் நேரான குழல் வளைந்த குடலில் எவ்வளவு தூரம் போகும்? 1950களில் கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் படம் வரும் என்று தெரிந்தது. 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அதை இரைப்பைக்குக் கொண்டுபோனார். அடுத்த பத்தாண்டில் பெருங்குடலுக்கும் வந்தது. 1969-இல் நியூயார்க்கில் ஷின்யாவும் வுல்ஃபும் அந்தக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டிய வேலை அது. சுசுருதர் பிரித்து வைத்த இரண்டு குழல்களும் ஒன்றாகிவிட்டன.

அதுவரை பெரும்பாலும் ஒருவர் கண்தான் உள்ளே போக முடியும். 1980களில் குழாய் நுனியில் கேமரா சில்லு வந்ததும், அறையில் இருப்பவர் எல்லோரும் பார்க்கலாம் என்றானது.

அன்றைக்கே அப்பாவின் பாலிப்பையும் சுருக்கு மாட்டி எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பியதில் புற்று இல்லை என்று வந்தது.

மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்டது வேறு. "உள்ள யார் யாருடா இருந்தா?"

"டாக்டர், நர்ஸ், நான்."

"நீயுமா பாத்த?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.