தோல்வி என்றால் காலிப் பட்டியல்: பார்சர் காம்பினேட்டர்களின் கதை

கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் அதன் கண்ணுக்குத் தெரிவது வெறும் எழுத்து வரிசைதான். இது தேதி, இது தொகை என்று பிரித்துச் சொல்லும் நிரலுக்குப் பெயர் பார்சர். குட்டிக் குட்டிப் பார்சர்களைச் செங்கல் மாதிரி அடுக்கிப் பெரிய பார்சர் கட்டும் முறைதான் பார்சர் காம்பினேட்டர். வில்லியம் பர்ஜ் 1975-ல் எழுதிய புத்தகத்திலேயே இந்த யோசனை இருக்கிறது.

சரி, ஒரு செங்கல் பொருந்தாவிட்டால்? இந்தக் கேள்விதான் பின்னாடி வந்த சரித்திரம் முழுக்க ஓடுகிறது.

1985-ல் பிலிப் வாட்லர் சொன்ன பதில் ரொம்ப எளிமையானது. பார்சர் தன் விடைகளை ஒரு பட்டியலாகத் தரட்டும். பட்டியல் காலி என்றால் தோல்வி, அவ்வளவுதான்! அழகான யோசனை. ஆனால் தப்பு எந்த வரியில் என்று காலிப் பட்டியல் சொல்லாது. தோற்றால் திரும்பி வரவேண்டுமே என்று படித்ததையெல்லாம் நினைவகத்தில் சுமக்கவும் வேண்டும்.

1996-ல் கிரஹாம் ஹட்டனும் எரிக் மெய்யரும் இந்த முறையை மோனாட் என்ற கருத்தோடு இணைத்து எழுதினார்கள். 2001-ல் டான் லேயன், மெய்யரோடு சேர்ந்து, ஹாஸ்கல் மொழிக்கான 'பார்செக்' நூலகத்தை விவரித்தார். அதன் விதி கறாரானது: ஓர் எழுத்தை விழுங்கிவிட்டுத் தோற்றால் மாற்று வழியைப் பார்க்காது. '12-05' என்ற தேதி அல்லது '12500' என்ற தொகை வரலாம் என்று வைத்துக்கொள்வோம். தேதிப் பார்சர் 12-ஐ விழுங்கி, கோடு இல்லாமல் தோற்றால், தொகைப் பார்சருக்கு வாய்ப்பே கிடையாது. திரும்பி வர 'டிரை' என்று கேட்டு வாங்கவேண்டும். பதிலுக்குப் பிழைச் செய்தி துல்லியமாக வரும்.

ஸ்காலாவின் நூலகமும், 2015-ல் 1.0 பதிப்பைத் தொட்ட ரஸ்ட் மொழியின் 'நாம்' நூலகமும் இதைத் தலைகீழாக்கின. அங்கே திரும்பி வருவதுதான் வழக்கம். வேண்டாமென்றால் 'நாம்' நூலகத்தில் 'கட்' என்று தடுக்கவேண்டும். 'நாம்' உரையை நகலெடுப்பதில்லை, மூல உரையின் துண்டுகளைச் சுட்டிக்காட்டுகிறது. அதனால் பழைய இடத்துக்குத் திரும்புவது அங்கே சுலபம்.

ஆகவே ஒரே இலக்கணத்தை மொழி மாற்றும்போது கவனம் தேவை. ரஸ்ட்டிலிருந்து ஹாஸ்கலுக்கு அப்படியே கொண்டுபோனால், சரியான கணக்கையே பார்சர் நிராகரிக்கலாம். எதிர்த்திசையில் போனால் கணக்கு தேறிவிடும். ஆனால் தப்பு எங்கே என்பது மங்கிவிடலாம். வடிவம் ஒன்றாகத் தெரிந்தாலும் தோல்வியை நடத்தும் விதம் மொழிக்கு மொழி வேறு!