வாங்கியதும் கட்டியதும்

1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்ததும் அமெரிக்கச் சிறுவரை விமானப் பித்து பற்றிக்கொண்டது. பால் கில்லோ என்பவர் பால்சா மரத் துண்டுகளைப் பெட்டியிலிட்டு 10 சென்டுக்கு விற்றார். வெட்டி ஒட்டிக் கட்டுவது வாங்கியவர் பாடு. 1932இல் இங்கிலாந்தின் ஃப்ராக் நிறுவனமோ முழுதும் செய்துமுடித்த விமானத்தையே, ரப்பரை முறுக்கும் பொறி பொருத்திய பெட்டியோடு தந்தது.

ஆயத்தப் பொம்மையை இகழ்வதற்கில்லை. 1878இல் மில்டன் ரைட் தம் இளைய மைந்தருக்கு வாங்கி வந்த பறக்கும் பொம்மையும் அத்தகையதே: மூங்கில், தக்கை, தாள், ரப்பர். ஆயினும் கேள்வியை எழுப்பியவை, அது உடைந்தபின் வில்பரும் ஆர்வில்லும் தாமே செய்தவைதாம். ஒன்றினும் ஒன்று பெரிதாகச் செய்தனர். பெரிதாகப் பெரிதாகப் பறக்க மறுத்தது. அளவு இரட்டித்தால் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? சலித்துப்போய்ப் பட்டம் விடத் திரும்பிவிட்டனர்.