கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பு

கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பு என்பது வடசென்னையின் புளியந்தோப்பில் அமைந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகும். பேச்சுவழக்கில் கே. பி. பார்க் எனப்படுகிறது. 1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தின் (2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, இரு கட்டங்களாக 864, 1056 என மொத்தம் 1920 வீடுகள் கட்டப்பட்டன. கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டோர் பலர் பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்ததை நோக்க, பழகிய இடத்திலேயே வீடு கிடைப்பது பெரும்பேறே. ஆயினும் உயர்மாடி வாழ்வு மின்தூக்கியையும் நீரேற்றியையும் நம்பியது. அவை நின்றால் முதியோர் வீட்டினுள்ளேயே முடங்க நேரிடும். 2021 ஆகத்து மாதத்தில், தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதாகக் குடியிருப்போர் முறையிட்டனர். இது சட்டமன்றத்திலும் எழுப்பப்பட்டது. பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் ஆய்வு செய்து, பூச்சு வேலையில் குறைபாடு உள்ளதென அறிக்கை அளித்தனர்.