பேறுகால மனச்சோர்வு: கேட்கப்படாத கேள்வியின் வரலாறு

பள்ளிபாளையத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஆணா, பெண்ணா? சுகப்பிரசவமா, ஆபரேசனா? எடை எவ்வளவு? பால் இருக்கிறதா? பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அந்த வரிசையில் வருவதில்லை. அவள் ஓயாமல் அழுதால், “பச்ச ஒடம்புக்காரி, காத்துக்கருப்பு பட்டிருக்கும்” என்று மந்திரிக்கச் சொல்வார்கள். பேச்சில்லாமல் கிடந்தால் “அடக்கமான புள்ள” என்பார்கள். இரண்டுமே நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதை மருத்துவமும் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது.

1858இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள் ஆகியோரின் மனநோய்களைச் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அக்கால மருத்துவர்களின் கண்ணில் பட்டவை பெரும்பாலும் முற்றிய நோய்கள். சோறாக்கிக்கொண்டு, பாலூட்டிக்கொண்டு, உள்ளுக்குள் வாடிய பெண் கணக்கிலேயே வரவில்லை. 1968இல் லண்டனில் பிரைஸ் பிட் என்ற மருத்துவர் சாதாரணத் தாய்மார்களிடம் போனார். 305 பேரில் 33 பேருக்கு மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1994இல்தான் ‘மகப்பேற்றுக்குப் பின் தொடங்குவது’ என்ற குறிப்பைச் சேர்த்தது. கர்ப்ப காலத்தையும் அதில் சேர்த்தது 2013இல். மார்சே ஒன்றாகப் பார்த்ததைக் கையேடு ஏற்க 155 ஆண்டுகள் ஆயின.

கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்மையாகவே இருக்கிறது. தூக்கமின்மை, அசதி, பசியில் மாற்றம் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இவை இருக்கும். அதனால் உடலைவிட மனதை அதிகம் கேட்கும் ஒரு வினாத்தாளை ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கினார்கள். அதுதான் எடின்பரோ அளவுகோல். கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள். மொத்தம் 30 மதிப்பெண். சிரிப்பு, பயம், குற்றவுணர்வு, அழுகை பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். மதிப்பெண் மட்டுமே நோயைத் தீர்மானிக்காது. யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அது காட்டும். ஆனால் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் உடனே உதவி தேவை.

“இதெல்லாம் வெள்ளைக்காரிகளின் நோய். நமக்குத் தாய்வீடு இருக்கிறது, கூட்டுக்குடும்பம் இருக்கிறது” என்று சொல்கிறவர்கள் உண்டு. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் சந்திரன் உள்ளிட்ட நால்வர் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. நிறைமாதத்திலும், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் 359 கிராமத்துப் பெண்களைப் பார்த்தார்கள். 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு புதிதாகத் தொடங்கியிருந்தது. வறுமை, ஆணை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவி இல்லாதது ஆகியவை அதோடு தொடர்புடையனவாகத் தெரியவந்தன. எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்த வேலூர் ஆய்வு 2005இல் வந்தது. ஆக, கேள்விகள் தமிழில் கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.

அந்தக் காரணங்களில் ஒன்றுகூட எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1997 வரை நாங்கள் சேலம் மாவட்டம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதும் சேலத்தில்தான். குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, சரிதான். ஆனால் பெண்ணைப் பெற்றதற்காக வீடே முகம் திருப்பிக்கொண்ட ஒருத்தியின் மனம் என்ன ஆனது என்பது பேச்சாகவே இல்லை. அவள் தாயாகவோ குற்றவாளியாகவோ மட்டுமே பார்க்கப்பட்டாள். விசைத்தறிக் குடும்பங்களில் இன்னொரு சுமையும் உண்டு. முன்பணம் வாங்கிய வீட்டில் பெற்ற தாயும் தறிப்பட்டறைக்குப் போயாக வேண்டும். மகள் தாய்வீட்டுக்கு வந்தாலும் பகலெல்லாம் தனியாகத்தான் பிள்ளையோடு கிடப்பாள்.

எனவே, யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் “நல்லாத்தான் இருக்கறேன்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. பைத்தியம் என்று பேர் வைத்துப் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் அவள் வாயை அடைக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கவே ஒரு பிரிவு இருக்கிறது. இதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும்.

கர்ப்பத்திலேயே கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், ஒருமுறையோடு விடக் கூடாது. ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும் அவளுக்குக் கிடைக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளை மருத்துவரால் தர முடியும். ஆனால் மாத்திரையோடு வேலை முடிந்ததாக ஆகாது. கணியம்பாடி ஆய்வு கண்ட காரணங்களில் பெரும்பாலானவை வீட்டில் இருக்கின்றன. அவற்றை அவள் ஒருத்தியாக மாற்ற முடியாது. ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கணவன் எழ வேண்டும். பெண் பிறந்ததற்கு முகம் சுளிக்காத மாமியார் வேண்டும். அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ எப்படியிருக்கறே?” என்று கேளுங்கள். பதில் கனமாக இருந்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள்.