ரொக்கெட் விருது பிறந்த கதை

1953 செப்டெம்பர் முதல் வாரத்தில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விஞ்ஞானப் புனைகதை ரசிகர்களின் 11ஆவது உலக மாநாடு நடந்தது. நடத்தியவர்களும் ரசிகர்கள்தான். அவர்களில் ஒருவர் ஜாக் மெக்நைட், கடைசல் வேலை தெரிந்தவர். வாசகர்களும் எழுத்தாளர்களும் மண்டபத்தில் கூடிக் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் லேத் மெசினுக்கு முன்னால் நின்று, கறள் பிடிக்காத உருக்கில் சின்னச் சின்ன ரொக்கெட்டுகளைக் கடைந்துகொண்டிருந்தார். வேலை நினைத்ததைவிட இழுத்தது. விருது கொடுக்கும் நேரத்துக்கு ரொக்கெட்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் அவர் ஆசையோடு காத்திருந்த மாநாட்டின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துபோயிருந்தது.

இன்று ஹியூகோ என்று உலகம் சொல்லும் விருது இப்படித்தான் பிறந்தது. அரசு கொடுக்கவில்லை, பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை, பதிப்பகமும் கொடுக்கவில்லை. கதை படித்தவர்கள் தங்கள் காசிலும் தங்கள் கையாலும் செய்து கொடுத்தார்கள். ஹால் லிஞ்ச் என்ற ரசிகர், சினிமாக்காரருக்கு ஒஸ்கார் இருப்பதுபோல நமக்கும் ஒன்று வேண்டும் என்று யோசனை சொல்ல, மற்றவர்கள் சரியென்று இறங்கினார்கள். மாநாட்டின் தலைவர் இறந்துபோய், அந்தப் பொறுப்பை இடையில் ஏற்றிருந்தவர் மில்டன் ரொத்மன் என்ற பௌதிகவியலாளர். அத்தனை நெருக்கடிக்குள்ளும் விருது கைவிடப்படவில்லை.

பெயர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1884இல் லக்சம்பேர்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். விஞ்ஞானப் புனைகதைக்கென்றே ஒரு சஞ்சிகையை, ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற பெயரில், 1926 ஏப்ரலில் தொடங்கினார். எழுத்தாளருக்குக் காசு கொடுப்பதில் அவர் நல்ல பெயர் எடுக்கவில்லை. எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அவரை எலி என்றே ஏசினார். பிறகேன் அவர் பெயர்? என் எண்ணத்தில், வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டாரே, அந்த ஒரு காரியம் போதும். ஒரு நகரத்தில் தனியே இருந்து இந்தக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்த பையன், தன்னைப்போல இன்னொருவன் அடுத்த மாநிலத்தில் இருக்கிறான் என்று அந்தக் கடிதப் பக்கத்தில்தான் கண்டான். கடிதம் எழுதினார்கள், கூடினார்கள், கழகம் அமைத்தார்கள், கையெழுத்துப் பிரதிபோலத் தாங்களே சுற்றுக்கு விடும் சிறு ஏடுகள் செய்தார்கள்.

1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அந்த முதல் நாளிலேயே ஒரு பிழையும் நடந்தது. அரசியல் பேசுவார்கள், துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள் என்ற பயத்தில் ஆறு இளைஞர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் பிரெடெரிக் போல். பின்னாளில் அவர் பெரிய எழுத்தாளரானார். 1978இல் அவருடைய ‘கேட்வே’ நாவலுக்கு இதே ரசிகர் உலகம் ஹியூகோவைக் கொடுத்தது. வாசலில் மறிக்கப்பட்டதற்கும் அந்த நாவலுக்கு விருது கிடைத்ததற்கும் இடையில் 39 வருடங்கள்.

1953இன் பட்டியலுக்கு வருகிறேன். சிறந்த நாவல் அல்பிரட் பெஸ்டரின் ‘த டெமொலிஷ்ட் மேன்’. சஞ்சிகைப் பிரிவில் இரண்டு சஞ்சிகைகள் சமமாக வந்தன. ஓவியருக்கும், ரொக்கெட் பற்றிக் கட்டுரை எழுதிய வில்லி லேக்கும், புது எழுத்தாளர் பிலிப் ஹோசே ஃபார்மருக்கும் பரிசு இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பிரிவு: முதலாம் இடத்து ரசிகர். எழுதியவனுக்குப் பரிசு கொடுக்கும் மேடையில் படித்தவனுக்கும் ஒரு பரிசு! அது லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த பொரஸ்ட் அக்கர்மனுக்குப் போனது. அவர் மேடையேறி, இது இங்கிலாந்து ரசிகர் கென் ஸ்லேட்டருக்குப் போக வேண்டியது என்று சொல்லி, விருதை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இந்தக் கதைப் புத்தகங்கள் வாசகர் கைக்குப் போய்ச் சேர உழைத்தவர் ஸ்லேட்டர்.

அடுத்த வருடம், 1954இல், சன்பிரான்சிஸ்கோ மாநாட்டில் விருதே இல்லை. பிலடெல்பியாக்காரர் ஒரு தடவை செய்து பார்த்தார்கள், முடிந்தது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஹியூகோவின் பிறந்த வருடத்தை 1953 என்று சொன்னாலும், உயிர் பிடித்தது 1955இல் என்பதுதான் என் கணிப்பு. அந்த வருடம் கிளீவ்லண்டில் மாநாடு. இந்த முறையும் விருதை விட்டுவிடலாமா என்ற கேள்வி குழுவுக்குள் எழுந்தது. பென் ஜேசன் என்பவர் விடவில்லை. அக்காலத்து ஓல்ட்ஸ்மொபில் 88 காரின் முன்மூடியில் ரொக்கெட் வடிவில் ஓர் அலங்காரம் இருக்கும். அதையே வாங்கிப் பலகையில் பொருத்தலாம் என்று எடுப்பித்துப் பார்த்தார்கள். அடிப்பக்கம் குழிவாக இருந்ததால் சரிவரவில்லை. பிறகு அச்சு செய்வித்து, உள்ளூர் வெண்கல வார்ப்புக் கம்பனியில் வார்த்தெடுத்தார்கள். ரொக்கெட்டின் உருவம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அடிப்பீடத்தை மட்டும் அந்தந்த வருடம் நடத்தும் ஊர் தன் விருப்பப்படி செய்துகொள்ளும்.

முதல் வருடத்தை உற்சாகம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வருடத்துக்குத்தான் பிடிவாதமான ஆள் வேண்டும்.

1956இல் இந்தக் கதை இலங்கைப் பக்கம் திரும்புகிறது. அந்த வருடம் நியூயோர்க் மாநாட்டின் சிறப்பு விருந்தினர் ஆர்தர் சி. கிளார்க். சிறுகதைக்கான ஹியூகோவும் அவருக்கே கிடைத்தது. கதையின் பெயர் ‘த ஸ்டார்’. கிளார்க் இதைக் கி.பி. 2500 பற்றி லண்டன் ‘ஒப்சேர்வர்’ பத்திரிகை வைத்த சிறுகதைப் போட்டிக்காக எழுதினார். அங்கே அது எடுபடவில்லை. நடுவர்கள் தள்ளிவிட்ட கதையை வாசகர்கள் எடுத்துத் தலையில் வைத்தார்கள். இன்றும் உலகத்தின் சிறந்த விஞ்ஞானச் சிறுகதைகள் என்று போடப்படும் பட்டியல்கள் பலவற்றில் ‘த ஸ்டார்’ இருக்கிறது.

அதே 1956இல்தான் கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்களையும் கற்களையும் மைக் வில்சனோடு கண்டதும் அந்தக் காலத்தில்தான். கிழக்குக் கடலை அவர் அறிந்திருந்தார். 2008 மார்ச்சில் கொழும்பில் காலமாகும்வரை இந்தத் தீவே அவருக்கு வீடு. 1980இல் அவருக்கு ஹியூகோ பெற்றுத் தந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலின் களமும் இதுதான். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் வைத்துக்கொண்டு, தீவை அப்படியே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் நிறுத்தி, மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டினார். பொஸ்டன் மாநாட்டில் கூடிய ரசிகர்கள் நம் மலைக்கு வாக்களித்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. தமிழில் நாம் அந்த நாவலை அதற்குரிய அளவுக்குக் கொண்டாடவில்லை.

இந்த உலக மாநாட்டுக்கு நிரந்தரத் தலைமையகம் கிடையாது. ஒவ்வொரு வருடமும் ஒரு நகரத்துக் கூட்டம் கேட்டு வாங்கி நடத்தும், அடுத்த வருடம் வேறொரு நகரம். எங்கள் மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு, இன்ன ஊருக்கு என்று பங்கு பிரிந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. கோயில் பொதுவானது. நாள் மட்டும் அவரவருடையது. தன் நாளைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்ற மானம்தான் முழுத் திருவிழாவையும் தூக்கி நிறுத்துகிறது.

வாக்களிக்கும் முறையையும் இலங்கையருக்கு விளக்குவது இலகு. மாநாட்டுக்குச் சந்தா கட்டியவர்கள் முதலில் தாங்கள் படித்தவற்றிலிருந்து பெயர் முன்மொழிவார்கள். கூடுதலாக முன்மொழியப்பட்டவை இறுதிப் பட்டியலுக்கு வரும். பிறகு 1, 2, 3 என்று விருப்ப வரிசை இட வேண்டும். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியாக நிற்பதை நீக்கி, அதன் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணிக்கொண்டு போவார்கள். நமது ஜனாதிபதித் தேர்தலில் 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்ததே, அதற்கு நெருங்கிய முறை.

இன்னொன்றும் அந்த வாக்குச்சீட்டில் உண்டு. போட்டியாளர் பெயர்களோடு ‘எவருக்கும் இல்லை’ என்ற வரியும் சேர்ந்து நிற்கும். 1959 டெட்ரொயிட் மாநாட்டிலேயே அது சில பிரிவுகளில் வென்றது. இந்த வருடம் தகுதியானது ஒன்றும் இல்லை என்று சொல்லும் உரிமை வாசகனுக்கு இருக்கிறது என்று எழுத்திலே ஏற்றுக்கொண்ட விருதுகள் உலகத்தில் மிகச் சில. ஹியூகோவின் மரியாதை பெரும்பாலும் இந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

2015இல் அது சோதிக்கப்பட்டது. ஒரு கூட்டம் முன்கூட்டியே பட்டியல் தயாரித்து, தங்கள் ஆட்களையெல்லாம் அதன்படி முன்மொழிய வைத்து, பல பிரிவுகளின் இறுதிப் பட்டியலை நிரப்பிவிட்டது. சாதாரண ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். ஐந்து பிரிவுகளில் ‘எவருக்கும் இல்லை’ வென்றது. நாவல் பிரிவில் சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘த்ரீ பொடி ப்ரொப்ளம்’, கென் லியுவின் மொழிபெயர்ப்பில், முதலாவது மொழிபெயர்ப்பு நாவலாக விருது பெற்றதும் அந்த வருடமே.

2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்தபோது வேறொரு காயம். ஆர். எப். குவாங்கின் ‘பாபெல்’ போன்ற சில படைப்புகள், காரணம் சொல்லப்படாமலே தகுதியற்றவை என்று நீக்கப்பட்டிருந்தன. முன்மொழிவு எண்ணிக்கையை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி இருந்தபடியால், 2024 ஜனவரியில் அந்தத் தாள் வெளிவந்தவுடனேயே குட்டு உடைந்தது. அடுத்து நடத்திய கிளாஸ்கோக்காரர், தங்கள் வாக்கெடுப்பில் 377 வாக்குகள் முறைகேடானவை என்று கண்டு கழித்தார்கள். கழித்ததைத் தாங்களே பகிரங்கமாக அறிவித்தார்கள். களவு எங்கும் நடக்கும். கணக்குத் தாள் ஊருக்குத் தெரிய இருந்தால் பிடிபடும்.

தமிழில் வாசகரும் எழுத்தாளரும் கூடித் தொடங்கிய விருதுகள் நமக்குப் புதியவையல்ல. ரொறன்ரோவிலிருந்து தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருதை 2001இல் சுந்தர ராமசாமிக்குக் கொடுத்துத் தொடங்கியது. கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இல் ஆ. மாதவனுக்குக் கொடுத்துத் தொடங்கியது. 2013இல் நமது தெளிவத்தை ஜோசப்புக்கு அந்த விருது போனபோது மலையகம் மட்டுமல்ல, இலங்கைத் தமிழ் வாசகர் எல்லாரும் மகிழ்ந்தோம். இவற்றின் பின்னால் இருப்பது வாசகரின் காசும் உழைப்பும் அன்பும். தெரிவு செய்வது மட்டும் ஒரு சிறு வட்டம். அது குறையென்று சொல்ல மாட்டேன். கவனிக்கப்படாத மூத்தவரைத் தேடிக் கண்டெடுக்க அந்த முறையே நல்லது. ஆனால் சந்தா கட்டிய ஒவ்வொரு வாசகனும் சீட்டில் இலக்கம் இட்டு, எண்ணிக்கை ஊரறிய வெளிவரும் விருது வேறொரு வகை. நான் அறிந்தவரை அதை நாம் இன்னும் செய்து பார்க்கவில்லை.

மாயக் கதைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் அது இன்னும் கூடுதலாகத் தேவை. விக்கிரமாதித்தனையும் மதனகாமராஜனையும் கேட்டு வளர்ந்த, விடிய விடிய வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பார்த்து வளர்ந்த சனம் நாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வாரம் தவறாமல் படித்தவர்கள் எத்தனை பேர்! ‘அரூ’ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்தபோது புதியவர்கள் ஆர்வமாக எழுதினார்கள். இருந்தும் பெரிய விருதுப் பட்டியல்களில் இவ்வகை எழுத்துக்குத் தனி இடமில்லை. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2024இல் எழுத்தாளர்கள் வாக்களிக்கும் நெபியூலாவை வென்றது, வாசகர்கள் வாக்களிக்கும் லோகஸில் முதல் நாவலுக்கான பரிசையும் பெற்றது. அதே தீவிலிருந்து தமிழில் எழுதுபவருக்கு வாக்களிக்க ஒரு சீட்டுக்கூட நம்மிடம் இல்லை.

பெரிதாகத் தொடங்கத் தேவையில்லை. ஒரே ஒரு பிரிவு, கடந்த வருடம் அச்சில் வந்த மாயக் கதை அல்லது விஞ்ஞானச் சிறுகதை. மாணவனும் கட்டக்கூடிய சந்தா. எந்த நாட்டுத் தமிழ் வாசகரும் சேரலாம். சீட்டின் கடைசியில் ‘எவருக்கும் இல்லை’. எண்ணி முடித்த அன்றே கணக்குத் தாள் வெளியே வர வேண்டும். முதல் வருடத்தை மட்டக்களப்பு எடுக்கட்டும். இரண்டாவது வருடத்தை நடத்தப்போவது யாழ்ப்பாணமா, கோவையா, ரொறன்ரோவா என்று முதலாவது விருதைக் கொடுக்கும் மேடையிலேயே பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்துவிட வேண்டும்.