கூடுதல்-குறைவுப் பந்தயம்

கூடுதல்-குறைவுப் பந்தயம் என்பது, ஒரு போட்டியில் ஒரு வீரரோ அணியோ ஈட்டும் எண்ணிக்கை, முன்னரே அறிவிக்கப்பட்ட எல்லை எண்ணை விடக் கூடுமா குறையுமா என்று பணம் கட்டும் பந்தய வகை ஆகும். அமெரிக்கக் காற்பந்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் எனும் வீரர் ஈட்டும் யார்டுகள் மீது இது பரவலாகக் கட்டப்படுகிறது. இந்தியாவில் சட்டத்துக்குப் புறம்பாக நடைபெறும் கிரிக்கெட் சூதாட்டத்தில், குறிப்பிட்ட ஓவர்களுக்குள் எடுக்கப்படும் ஓட்டங்கள் மீதான 'செஷன்' பந்தயமும் இவ்வகையினதே.

எல்லை எண்

சமநிலையைத் தவிர்க்க, எல்லை எண் பெரும்பாலும் 250.5 யார்டு என்பது போல அரை எண்ணாக அமையும். குவாட்டர்பேக் ஈட்டும் யார்டுகள் அவரது திறமையை மட்டுமன்றி எதிரணியின் தடுப்பு, காற்று, ஆட்டத்தின் போக்கு ஆகியவற்றையும் பொறுத்தவை. பின்தங்கிய அணி பந்தை அதிகம் எறியும். முன்னிலையில் உள்ள அணி நேரத்தைக் கடத்தப் பந்தை ஏந்தி ஓடும்.

சராசரியும் இடைநிலை அளவும்

எல்லை எண்ணை வீரரின் சராசரியுடன் ஒப்பிடுவது பொதுவான தவறாகும். எடுத்துக்காட்டாக, ஒரு மட்டையாளர் 10 ஆட்டங்களில் 0, 4, 7, 12, 18, 22, 25, 31, 56, 125 ஓட்டங்கள் எடுத்ததாகக் கொள்வோம். கூட்டுச் சராசரி 30. இடைநிலை அளவு 20. எல்லை எண் 24.5 எனில், சராசரியைப் பார்ப்பவர் 'கூடுதல்' பக்கம் கட்டத் தூண்டப்படுவார். ஆனால் அவர் அந்த எல்லையைக் கடந்தது 4 ஆட்டங்களில் மட்டுமே. ஒரே ஒரு பெரிய ஆட்டம் சராசரியை உயர்த்திவிட்டது.

நிறுவனத்தின் பங்கு

100 ரூபாய் வெல்ல 110 ரூபாய் கட்ட வேண்டும் என்பது இப்பந்தயத்தில் வழக்கமான விகிதம். இழப்பின்றி இருக்க 110/210, அதாவது 52.38% முறை சரியாகக் கணிக்க வேண்டும். பாதி முறை மட்டுமே வெல்பவர், கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 4.55 ரூபாய் இழப்பார். எனவே தொடர்ந்து கட்டுபவரில் பெரும்பாலோர் இழப்பது தற்செயலன்று.

முறைகேடுகள்

ஒரு தனி வீரரின் எண்ணிக்கையை அவரே எளிதில் குறைக்க முடியும். 2024 ஏப்ரலில், அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ., தம் ஆட்டம் பற்றிய பந்தயங்களுக்கு உதவியதற்காக ஜோன்டே போர்ட்டருக்கு வாழ்நாள் தடை விதித்தது. தமிழகத்தில், 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தில் அணி அதிகாரி ஒருவர் பந்தயம் கட்டியதன் விளைவாக, 2015 சூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 2 ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது.

சட்ட நிலை

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என 1996-இல் கே. ஆர். இலட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற விளையாட்டுகளின் மீதான பந்தயத்துக்கு அத்தகைய விலக்கு கிடைக்கவில்லை. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், தருமபுரி உட்பட மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். இதன்படி ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2025 ஆகத்து 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் சட்டம், திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றிப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.

இவற்றையும் பார்க்க

நிகழ்தகவு
இடைநிலை அளவு
சூதாட்டம்