தாழ்ச்சி (ஊவா கிறிஸ்தவ மரபில்)

துன்பத்தின் வழியே தன் வரம்பை உணர்ந்து கடவுளைச் சார்ந்திருக்கும் மனநிலை. கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்பர். சீர்திருத்தச் சபையார் 'தாழ்மை' என்பர். உடலில் தைத்த முள்ளைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், 12ஆம் அதிகாரம், இதற்கு முதன்மை ஆதாரம்.

இதற்கு எடுத்துக்காட்டான வாழ்வுகள் ஊவாவில் உண்டு. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன குருமடத்தில் கற்பித்தவர் மைக்கேல் ரொட்ரிகோ அடிகள். பெரும் படிப்பாளியான இவர் 1980இல் புத்தளைக்குச் சென்று, பௌத்தச் சிற்றூர் மக்களிடையே, மதம் மாற்றும் நோக்கமின்றி, குடிசையில் வாழ்ந்தார். கற்பிக்க அல்ல, கற்கவே போனார் எனலாம். கொலை மிரட்டல்கள் வந்தும் அகலவில்லை. 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். 1948இல் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளர், தோட்ட நிர்வாகியான துரைக்கு முன் குனிந்து நின்றது தாழ்ச்சியன்று. அது சுமத்தப்பட்ட இழிவு. லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த அம்மக்களிடம் பொறுமையை மட்டும் போதித்த பிரசங்கங்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.